ஒரகடத்துக்கு அலாரம் எண்ணப் போனது

இல்லை, இந்த வேலைக்கு டிகிரி கேட்கவில்லை. போன பதிவுக்குக் கீழே இதையே நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நான் காலேஜை இரண்டாம் வருடமே விட்டவன். அக்கா வீட்டுக்காரர் தேவராஜ் மாமா ஒரகடத்தில் ஒரு பெயின்ட் ஆலையில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர், அவர்தான் இந்த ஐந்து நாள் வேலையைப் பிடித்துக் கொடுத்தார். திரையில் எந்த அலாரம் வருகிறது, எத்தனை முறை, அதற்கு யாராவது எழுந்தார்களா என்று எழுத வேண்டும். வீணாக அடிக்கும் அலாரங்களை எஞ்சினியர் தூக்கிவிடுவார்.

திங்கள் காலை 7.10க்குத் தாம்பரத்தில் ரயில், பத்து ரூபாய். 7.45க்குச் சிங்கப்பெருமாள் கோவில். வெளியே ஷேர் ஆட்டோ: பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது ரூபாய்.

"புதுசா? இன்னா வேல?" என்றார் டிரைவர்.

"அலாரம் எண்ணுறதுண்ணா."

"எங்க வூட்ல நாலு போன்ல நாலு அலாரம் கீது, ஒருத்தனும் எழுந்துக்க மாட்டான். வந்து எண்ணிக்கோ."

மாமாவின் கன்ட்ரோல் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. அலாரம் கத்தும் பஸ்ஸர் மேல் துணி வைத்து டேப் ஒட்டியிருந்தார்கள். யாரோ தலையணைக்குள் முனகுவதுபோல் சத்தம் வந்தது. மாமா என்னோடு பேசிக்கொண்டே, இட்லி தின்றுகொண்டே, இடது கையால் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். அமுக்கினால் அலாரம் அடங்கும்.

"இப்ப இன்னா வந்துச்சு மாமா?"

"எது?"

மதியத்துக்குள் என் நோட்டில் பாதி தீர்ந்தது. ஒருவரும் எழவில்லை.

புதன்கிழமை எஞ்சினியர் வீண் அலாரங்களை வெட்டினார். 11.40க்கு அறை அமைதியானது. மாமாவின் விரல் நிற்கவில்லை. வராத அலாரத்தை அமுக்கிக்கொண்டே இருந்தது. பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அன்று தொட்டி கழுவும் எட்டியப்பன் அண்ணன் மூன்றாம் பெயின்ட் தொட்டிக்குள் இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தார். பெயின்ட் கரைக்கும் தின்னரின் வாடை தேங்கினால் ஆள் மயங்கிவிடுவார், அதற்காக ஒரு ஃபேன் உள்ளே காற்றடிக்கும். 12.05க்குத் திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி: மூன்றாம் தொட்டி ஃபேன் நின்றது. விரல் அமுக்கியது. வரி மங்கியது.

"மாமா, ஃபேன்!"

"இன்னா ஃபேன்?"

"இப்பதான அமுக்கினீங்க!"

"நானா? கையே வெக்கலடா."

பொய் இல்லை. முகத்தைப் பார்த்தேன். மாமா வாக்கி டாக்கியில் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார், யாரும் எடுக்கவில்லை. ஓடினோம். தொட்டி மேலே காவலுக்கு நிற்க வேண்டியவர் சாப்பாட்டு டோக்கன் வாங்கப் போயிருந்தார். அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்துத் தூக்கினோம். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "தண்ணிய நிறுத்திட்டியா?" என்றார்.

இப்போது அந்த ஃபேனுக்குத் தனி மணி, தனி பட்டன், அறையின் மறுகோடியில். எழுந்து போனால்தான் அடக்க முடியும்.

இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு: மூடிய ஷூ கட்டாயம். போனை ஆலை கேட்டிலேயே வாங்கிக்கொள்வார்கள். அலாரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அமுக்கினவரிடம் அப்போதே என்ன வந்தது என்று கேளுங்கள். தெரியாது என்றால் அதைத் தனியாக எழுதுங்கள்.

ஐந்து நாள் வேலை மூன்றாவது வாரமாக ஓடுகிறது. இதை ஆலை கேட் எதிரே டீக்கடையில் தட்டுகிறேன். எட்டியப்பன் அண்ணன் இன்றைக்குத்தான் மறுபடி தொட்டிக்குள் இறங்குகிறார். என்னைத் தேடி இங்கேயே வந்துவிட்டார்.

"புது மணிதான் இருக்கேண்ணா."

"மணி கீது. கேக்க ஆள் வேணாமா? நீ போய் அந்த ரூம்ல குந்து. அப்பறந்தான் நான் எறங்குவேன்."

நான் போகணும்.