பாவம் ஒட்டாத ஆள்

பினாங்கிலிருந்து தொண்டு செய்யத் திருத்தணிப் பக்கம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பள்ளிக்கூடச் சுவரில் நான் வைக்கும் செங்கல்லையெல்லாம் கொத்தனார் சாயங்காலம் பிரித்து மறுபடி வைக்கிறார். இன்று விடுமுறை. பக்கத்து நிலத்து விவசாயி முனுசாமி, "காட்டு மிருகம் காட்டறேன், வாங்க" என்று டிராக்டரில் ஏற்றிக்கொள்கிறார். புலியை எதிர்பார்த்துக் கேமராவில் புது பிலிம் போட்டிருக்கிறேன்.

டிராக்டர் அவருடைய வேர்க்கடலைக் கொல்லையில் போய் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு மயில்கள் கடலையைக் கிளறித் தின்கின்றன. அவர் மனைவி வரப்பில் நின்று கைகூப்பி, "போதும் சாமி, எழுந்து போங்க" என்று கெஞ்சுகிறார். மயில்களுக்குக் காது கேட்பதாகத் தெரியவில்லை.

"துரத்தினால் என்ன?"

"முருகன் வாகனமாச்சே! எங்களுக்குப் பாவம்ங்க." முனுசாமி ஒரு தகர டப்பாவையும் குச்சியையும் என் கையில் திணிக்கிறார். "நீங்க வெளிநாட்டு ஆளு. ஒங்களுக்கு ஒட்டாது."

"நானும் முருகன் பக்தன்தான். பினாங்கில் காவடி எடுத்தவன்."

"ஆங், அது அந்த ஊரு முருகன். இவருக்கு ஒங்களத் தெரியாதுங்க. பேசிக்கினே கீறீங்களே, ஓடுங்க!"

தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறேன். மயில்கள் அலறிக்கொண்டு பறக்கின்றன. மூன்று மாதத்தில் நான் செய்த முதல் உருப்படியான தொண்டு. பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறேன். புருஷனும் பெண்டாட்டியும் கோயில் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். முனுசாமியின் விரல் என்னைக் காட்டுகிறது.

"அவருதான் சாமி, நாங்க இல்ல."