மல்லாட்டை தெரியாத ஆபீசர்

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் 'வந்துகினு', 'போய்க்கினு' என்று பேசும்போதெல்லாம் நான் திருத்தியிருக்கிறேன். வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது அப்படிப் பேசினால் கையில் கிள்ளியும் இருக்கிறேன். திண்டிவனத்தில் சிரிப்பு நாடகம் எழுதிய ஐயா போன மாதம் இறந்துபோனார். அவர் சாவில் நான் ஒரு தப்பு செய்தேன். அதை உங்களிடம் வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். வீட்டு நிலைமைதான் காரணம் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான். கட்டுரை நோட்டில் 'மழை பெய்துகினு இருந்தது' என்று எழுதியிருந்தேன். வாத்தியார் அதை எழுந்து நின்று படிக்கச் சொன்னார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் கசந்துவிட்டது.

டைல்ஸ் வேலைக்குப் போன புதிதில், திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தரை போட்டோம். வேலை முடிந்த வாரமே அங்கே ஐயாவின் நாடகம். மண்டபத்துக்காரர் எங்களையும் உட்காரச் சொன்னார். அந்த நாடகத்தில் வெளியூரிலிருந்து ஒரு ஆபீசர் பயிர்க் கணக்கெடுக்க வருவார். செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருக்கும் ஒரு அம்மாவிடம், "இவ்வூரில் நிலக்கடலை விளைகிறதா?" என்று கேட்பார்.

"அதெல்லாம் இங்க இல்லிங்க சார். வெறும் மல்லாட்டைதான்."

சொல்லிவிட்டு ஒரு கை அள்ளி அவருக்கும் கொடுப்பாள் அந்த அம்மா. ஆபீசர் அந்தக் கடலையை உரித்துத் தின்றபடியே 'இவ்வூரில் நிலக்கடலை இல்லை' என்று ஃபைலில் எழுதுவார். மண்டபம் அதிர்ந்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, எல்லாரும் ஆபீசரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று. என் பேச்சைப் பேசுகிறவள் பக்கம் ஒரு மண்டபமே இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவர் நாடகம் விழுப்புரத்தில் நடந்தாலும் வானூரில் நடந்தாலும் போய்விடுவேன். உங்களில் சின்னவளுக்குக் காது குத்திய அன்று சாயங்காலம் நான் காணாமல் போனது அதற்குத்தான். நாடகம் முடிந்ததும் ஐயா வாசலுக்கு வந்து நின்றுகொள்வார். போகிறவர்களைக் கும்பிட்டு, "சிரிச்சிகினே போங்க" என்பார். என்னிடமும் சொல்வார். எங்களுக்குள் வேறு பேச்சு அதிகம் இருந்ததில்லை.

விழுப்புரத்தில் ஒரு வீட்டுக் குளியலறையில் கல் பதித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆபீசராக நடிப்பவர்தான் பேசினார். ஐயா போய்விட்டார் என்றார். கலந்த சிமெண்டைக் கூட இருந்தவரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். ரசிகர்கள் சார்பில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும், எல்லா நாடகமும் பார்த்தவன் நீதான், வாசகத்தை நீயே எழுது என்றார்கள் அங்கே கூடியிருந்த நாடகக்காரர்கள்.

பிரிண்டிங் கடையில் உட்கார்ந்து முதலில் அவர் சொன்னபடியே 'சிரிச்சிகினே போங்க' என்று சரியாகத்தான் எழுதினேன். பிறகு, ஊரே படிக்கிற போஸ்டராயிற்றே, இவ்வளவு பெரிய மனிதருக்கா 'கினு' போட்டு எழுதுவது என்று தோன்றியது. அதை அடித்துவிட்டு, 'சிரித்துக்கொண்டே செல்லுங்கள் என்று எங்களை வழியனுப்பியவரே, இன்று அழவிட்டுச் சென்றீரே' என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஊரெல்லாம் ஒட்டச் சொல்லிவிட்டு, ஐயா வீட்டு வாசலில் ஒன்றை நானே ஒட்டினேன். அவருடைய மனைவி எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இது யாரு சொன்னதுப்பா?"

"ஐயாதாம்மா. நாடகம் முடிஞ்சா வாசல்ல நின்னுகினு சொல்லுவாரே."

"அவரு இப்டி சொல்ல மாட்டாரே. செல்லுங்கள்னு சொன்னா எவன் சிரிப்பான்?"

அவர் திட்டவில்லை. உள்ளே போய் மறுபடி ஐயாவின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆபீசராக நடிப்பவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அழுது சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்தார்.

"இத்தினி வருஷமா அந்த ஆபீசர் வேஷத்த எனக்குக் குடுத்தாரு. உனக்கில்ல குடுத்திருக்கணும்."

நின்றிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் காது சுட்டது. எட்டாவதில் நான் தெரியாமல் எழுதினேன். இப்போது தெரிந்தே மாற்றினேன். அவர் ஆயுசு முழுக்க மேடையேற்றிய பேச்சை, அவரை எடுக்கும் முன்னாலேயே என் கையால் அடித்திருக்கிறேன்.

புதிதாக அடிக்க நேரமில்லை. அந்தப் போஸ்டர்களைத் தாண்டித்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். நானும் தோள் கொடுத்தேன். வாய்க்கரிசி போடும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட நினைத்தேன். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்துவிட்டேன்.

பிள்ளைகளே, பரீட்சைக்கு வேண்டியதைப் பரீட்சையில் எழுதுங்கள். மற்ற நேரத்தில் உங்கள் வாய்க்கு வருவதைப் பேசுங்கள். நான் இனிமேல் கிள்ள மாட்டேன்.

ஐயாவை எடுத்த மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுவரில் ஒரு போஸ்டர் ஓரம் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டைல்ஸில் அளவு குறிக்கிற மார்க்கரால் 'சிரித்துக்கொண்டே செல்லுங்கள்' என்பதன் மேல் கோடு போட்டேன். அதற்கு மேலே 'சிரிச்சிகினே போங்க' என்று எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. மை காயும்வரை நின்றுவிட்டு, அடுத்த சுவருக்கு நடந்தேன்.