என் கணவரின் திடீர் அக்கறை

கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் பரீட்சைக்குப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் உடனே சரி என்றார். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. ஒரு மின்விசிறி வாங்கவே மாதக்கணக்காக யோசிப்பவர் அவர்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பள்ளியில் ஏ.எல். பரீட்சை முடித்த கையோடு கலியாணம், பிறகு பிள்ளை, அடுப்படி என்று காலம் போய்விட்டது. கல்முனையில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் எனக்கென்று ஒரு மேசை, என் பெயருக்கு ஒரு சம்பளம். அதற்காகத்தான் படிக்கிறேன் என்று அவரிடமும் ஒளிக்காமல் சொன்னேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் ஊரான சாய்ந்தமருதிலிருந்து அவரே என்னை மோட்டார் சைக்கிளில் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டார். நான் வரும்வரை மகளைப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் மீன் கழுவிக்கொண்டு நின்றார். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு எனக்குச் சீதனமாக வந்தது, உம்மாவும் எங்களோடுதான் இருந்தார். உம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை.

“மருமகன் தங்கமான மனிசன்கா. ஒனக்கு என்ன கொற?”

“தங்கந்தான் உம்மா. அதான் உரசிப் பாக்கிறன்.”

வகுப்பில் அகக் கட்டுப்பாடு என்ற பாடம் வந்த பிறகு என் குணம் இன்னும் கெட்டது. காசை வைத்திருப்பவரே கணக்கையும் எழுதக்கூடாது, ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, நான் என் வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணவரோ போன் வந்தால் முற்றத்துக்குப் போய்க் கதைத்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

“மச்சான், ரெண்டாங் கலியாணம் ஏதும் யோசிக்கிறீங்களா?”

அவர் சிரித்தார். “ஒண்டயே சமாளிக்க ஏலாம இரிக்கன்.”

சிரிப்பு உண்மையானதாகத்தான் இருந்தது. அதனாலேயே என் சந்தேகம் கூடியது.

முதற்கட்டப் பரீட்சையில் சித்தியடைந்தேன். முடிவு வந்த அன்று பகல் சோறு தின்னும்போது அவர் விஷயத்துக்கு வந்தார். அவரும் அவருடைய அண்ணனான காக்காவும் சேர்ந்து ஹாட்வெயார் கடை நடத்துகிறார்கள். மூத்தவர் என்பதால் கணக்கெல்லாம் காக்காவின் கையில். காக்கா காசை ஒளித்து எடுக்கிறார் என்று இவருக்கு நெடுநாள் சந்தேகமாம்.

“இனி நீ கடைக்கு வந்து பழைய கணக்கெல்லாத்தையும் பாரு. நீ பாஸ் பண்ணின ஆள். நீ சொன்னா காக்கா வாய் தொறக்க ஏலா.”

“அதுக்குத்தானா இவ்வளவும்?”

அவர் சோற்றைப் பிசைந்தார்.

இல்லாத ஒரு பெண்ணை நான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கூடப் பிறந்தவரைப் பிடிக்க ஓர் ஆளைத் தயார்செய்துகொண்டிருந்தார்.

“எனக்கு ஏலா மச்சான். சொந்தக்காரர்ட கணக்க சொந்தக்காரர் பாக்கக் கூடா. அது பரீட்சையிலயும் வந்த கேள்வி. நான் ஒபிசுக்குத்தான் போகப்போறன்.”

“அப்ப நான் எதுக்கு ஒன்னப் படிக்க வெச்சன்?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வாங்கிய சாமான் வேலை செய்யவில்லை என்று கடையில் கேட்பதுபோல் கேட்டார். அந்தக் குரலைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த கிழமை கல்முனையில் ஒரு கணக்காய்வு அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனேன். அங்கிருந்த கணக்காய்வாளர் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாப்பிள்ளைக்குச் சம்மதந்தானே?”

“ஓம்” என்றேன்.

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.