மூன்றாவது ரீல்

என் மனைவி யூடியூபில் ஒரு தூண்டில் ரீலைப் பார்த்துவிட்டு, அதுதான் வேண்டும் என்றாள். பல்சக்கரம் கிடையாது, கிளட்ச் கிடையாது. நடுவில் ஓர் ஊசி, அதன்மேல் சுற்றும் சக்கரம், அதில் நூல். ஓடும் தண்ணீரில் தக்கை போகப் போக, சக்கரம் தானாகச் சுற்றி நூலை விடவேண்டும். "இத்தப் போய் ஆன்லைன்ல வாங்குவாங்களா? நானே கடைஞ்சு தரேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவன் வேறென்ன சொல்வான்?

மழை முடிந்து, நசரத்பேட்டைப் பக்கம் கால்வாயில் ஏரித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது வற்றுவதற்குள் என் ரீலில் ஒரு மீனாவது வரவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைவரை வீட்டில் தலைகாட்ட முடியாது.

முதல் ரீல் டபரா வாய் அகலம், கெட்டி அலுமினியம். பட்டறைப் பழக்கம் அப்படி. சந்தேகமாக இருந்தால் மெட்டலை விட்டுவைப்போம், எடுத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாதே. கையில் கனத்தது, நல்ல சாமான் என்று நினைத்தேன். கால்வாயில் தக்கை இழுத்தது, சக்கரம் அசையவில்லை. அவள் தள்ளிவிட்டாள். சுற்ற ஆரம்பித்தது நிற்கவே இல்லை. நூல் பொங்கி வழிந்து ஒரே சிக்கல். கடையில் வாங்கிய ரீலோடு பக்கத்தில் நின்ற அவள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மாமா, ரீல் கேட்டா ஆட்டுக்கல்லு எடுத்துகினு வந்துகீற!"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கோபத்தில் கடைந்தது இரண்டாவது. பாதி அகலம்தான், படு லேசு. தக்கை இழுத்ததும் சுற்றியது. ஆனால் ஒரு சுற்றுக்கு ஒரு சாண் நூல்கூட ஏறவில்லை. மீன் கடித்தது; அவள் சுற்றினாள், சுற்றினாள், அதற்குள் நூல் தளர்ந்து மீன் கோரைக்குள் நழுவிவிட்டது.

"இன்னும் ஒண்ணு செய். அதுவும் சொதப்புச்சுன்னா ஆன்லைன்ல போட்ருவேன்" என்றாள்.

அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். அகலம் வேண்டும், கனம் கூடாது. அதிலும் விளிம்பில் இருக்கிற கனம்தான் மோசம். சக்கரத்தைக் கிளம்பவும் விடாது, நிற்கவும் விடாது. விளிம்பைத் துணிந்து மெலிதாக இழைத்தேன். சக்கரத்தின் முகத்தில் இடியாப்பத் தட்டு மாதிரி துளைகள் போட்டேன். நடுவில் இரண்டு சின்ன பேரிங். வாயால் ஊதினேன், சுற்றியது! பட்டறையில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் கால்வாய்க்குப் போனோம். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. தக்கை மிதந்து போக, சக்கரமும் சத்தமில்லாமல் சுற்றிக்கொடுத்தது. திடீரென்று தக்கை மூழ்கியது. நான் பதறிப்போய்க் கை நீட்டினேன். அவள் முழங்கையால் ஒரே இடி இடித்தாள். அந்த ரீலில் பிரேக் என்பது பிடித்திருப்பவரின் கட்டை விரல்தான். அவள் விளிம்பில் விரலை வைத்து, மீன் ஓடினால் தளர்த்தி, நின்றால் அழுத்தி, மடமடவென்று சுற்றினாள். ஒரு பெரிய ஜிலேபி கெண்டை கரையில் வந்து துள்ளியது.

நானும் துள்ளினேன். "மாமா, எனக்கும் ஒண்ணு கடைஞ்சு குடு" என்றான் தம்பி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"குடு, நான் ஒரு தபா போட்டுப் பாக்குறேன்" என்றேன்.

"செஞ்சது நீ. ரீலு என்னுது" என்றாள். ஒரு மண்புழுவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "கோத்துக் குடு."

கோத்துக் கொடுத்தேன்.