பெரிய மாமா கொடுத்த நான்கு போல்ட்டுகள்

பெரிய மாமா எங்கள் வீட்டுக்கு வந்த வருடம்தான் அப்பாவின் கார் ஊளையிடத் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கார் என்னைவிட மூத்தது. எப்போது வேண்டுமானாலும் ஊளையிடக்கூடிய வயதில்தான் அது இருந்தது.

பெரிய மாமா அம்மாவின் அண்ணன். மலேசியாவில் கோலா பிலா பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். ரப்பர்ப் பால்மரம் நின்ற காலத்திலும் சரி, அதை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட காலத்திலும் சரி, காலைப் பெரட்டில் வரிசையாக நின்ற ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவர் குரல்தான். அவர் மனைவி, என் அத்தை, இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. பிறகு சீனி வியாதி அவருடைய சிறுநீரகம் இரண்டையும் தின்றுவிட்டது. ஒருநாள் அம்மா போய், அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய துணிப்பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டார்.

வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, அவருக்கு டயாலிசிஸ். மையம் சிரம்பானில் ரஹாங் பக்கம் இருந்தது. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே அம்மா காரைக் கிளப்புவார். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார், அவரால் முடியாது. அம்மா செம்பனைக் கன்று நர்சரியில் வேலை செய்துகொண்டிருந்தவர், அந்த மூன்று நாட்களையும் விட்டுவிட்டார்.

பள்ளி விடுமுறையில் ஒருமுறை நானும் அங்கே போயிருக்கிறேன். எனக்கு அது ஏறக்குறைய எங்கள் பள்ளிக்கூடம் போலவே தெரிந்தது. வரிசையாக நாற்காலிகள். உள்ளே போனதும் எடை பார்த்தார்கள். மாமாவுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயதுகூட இருக்காத தாதி ஒருவர், ஏன் இவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று அவரைக் கண்டித்தார். மண்டோராக இருந்து ஒரு தோட்டத்தையே அதட்டியவர், வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். ஒரு தடவை வராமல் விட்டாலும் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும் என்று அந்தத் தாதி அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. எங்கள் தலைமையாசிரியரும் வராதவர்களை இப்படித்தான் பயமுறுத்துவார்.

காரின் சத்தத்துக்கு வருகிறேன். முதலில் அது டயர் என்றார் அப்பா. டயரை மாற்றினார். பிறகு பேரிங் என்றார்கள், அதையும் மாற்றினார்கள். சத்தம் எதையும் கண்டுகொள்ளவில்லை. விடிவதற்கு முன்னால் அம்மா காரை எடுத்தால், செம்பனைக்குள் போகும் மண்சாலை முடிந்து பெரிய சாலையில் ஏறும்வரை அது ஊளையிடுவது எங்கள் படுக்கைக்குக் கேட்கும். கடைசியில் கோலா பிலாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். அழுத்து என்றார், விடு என்றார். எண்ணெய்ப் பெடலை அழுத்தினால் ஊளை, காலை எடுத்தால் அமைதி. இறங்கி, பின்பக்கத்தைக் கை காட்டினார்.

இன்ஜினிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அங்கே, காரின் அடியில், பூசணிக்காய் போல உப்பிய ஓர் இரும்புக் கூட்டுக்குள் இருக்கின்றன. தவுக்கே அதை டிப்ரன்ஷியல் என்றார். அம்மா அதற்குப் ‘பின்னாடி உருண்டை’ என்று பெயர் வைத்தார். பற்கள் தேய்ந்துவிட்டன, மாற்றுங்கள், ஓடும்போது இறுகிக்கொண்டால் ஆபத்து என்று தவுக்கே சொல்லிவிட்டார். அப்பா அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். மாமா மட்டும் மாற்றவே வேண்டாம் என்றார். கிழட்டு வண்டிக்கு ஏன் இந்தப் பாடு, ஓடுகிறவரை ஓடட்டும் என்பது அவர் பேச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை சிரம்பானிலிருந்து திரும்பும் வழியில், மலைச்சாலை இறக்கத்தில், ஊளை நின்று கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்திருக்கிறது. அம்மா பயந்துபோய், மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டி ஒருவழியாக வீடு சேர்ந்தார். அப்பா அடியில் படுத்து உருண்டையிலிருந்த எண்ணெயை இறக்கினார். கறுப்பு எண்ணெயில் வெள்ளிப் பொடி மின்னியது. ஓவியப் பாடத்தில் மினுக்குத்தூள் ஒட்டுவோமே, அதைப் போல அழகாக இருக்கிறது என்று நான் சொன்னேன். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு மந்தினில் பழைய கார் உடைக்கும் இடத்துக்குப் போய், இதே மாதிரி ஒரு காரிலிருந்து கழற்றிய உருண்டையோடு மதியம் வந்து சேர்ந்தார். கையால் சுழற்றிக் காது வைத்துக் கேட்டார். திருப்தியாக இருந்தது. பின்சக்கரங்களைக் கழற்றி, இரண்டு பக்கத்து இருசுகளையும் இழுத்து, சுற்றியிருந்த நட்டுகளை அவிழ்த்து, பழையதை அப்பாவும் அம்மாவுமாக இறக்கினார்கள். ஒரு மூட்டை அரிசி கனம் இருந்திருக்கும். புதியதை ஏற்றி, நட்டுகளை முடுக்கி, சக்கரங்களைப் பூட்டி, எண்ணெய் ஊற்றினார்கள். முன்னாலிருந்து வரும் நீளமான சுழல்தண்டை உருண்டையோடு இணைக்கும் நான்கு போல்ட்டுகள் மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குப் போன் வந்தது. இன்னொரு லோரி ஓட்டுநர் வரவில்லை. வெட்டிய குலை அன்றைக்கே ஆலைக்குப் போயாக வேண்டும். நான்கையும் மாற்றி மாற்றிப் பக்குவமாக முடுக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்.

போல்ட்டுகள் நட்டுகளோடு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் இருந்தன. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அம்மா முதலில் பின்பக்கம் காயப்போட்ட துணிகளை எடுக்க ஓடினார். மாமா மதியத்திலிருந்து காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையசைத்து என்னைக் கூப்பிட்டார். கிண்ணத்தை எடுத்து, நான்கையும் என் இரண்டு கைகளிலும் கவிழ்த்தார்.

“எங்கயாச்சும் ஒளிச்சு வை. அம்மாகிட்ட சொல்லாத.”

ஏன் என்று கேட்டேன்.

“நாளைக்கு நமக்கு லீவு” என்றார்.

மாமா விளையாடுகிற ஆள் இல்லை. அதுவரை என்னிடம் அவர் பேசியது பெரும்பாலும் தண்ணீர் கொண்டு வா, சத்தம் போடாதே, இவ்வளவுதான். அப்படிப்பட்டவர் ஒரு திருட்டுத்தனத்துக்கு என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டதில் எனக்கு ஒரே பெருமை. அந்தத் தாதியிடம் ஒருநாளாவது திட்டு வாங்காமல் இருக்கலாம் என்று ஆசைப்படுகிறார், பாவம். எனக்கும் கணக்குப் பரீட்சை நாட்களில் அந்த ஆசை வந்திருக்கிறது. பள்ளிக்குப் போடும் என் வெள்ளைத் துணிக் காலணி, எங்கள் பேச்சில் சப்பாத்து, அன்று பள்ளி விட்டு வந்ததும்தான் கழுவிச் சுண்ணப்பூச்சு அடித்தது, அறையில் உலர்ந்துகொண்டிருந்தது. ஒரு சப்பாத்துக்கு இரண்டாக உள்ளே போட்டேன்.

அம்மா தேடத் தொடங்கினார். காருக்கு அடியில் ஊர்ந்தார். மண்ணை விரலால் கோதினார். அப்பாவின் சாமான் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தார். எல்லாரையும்விட மும்முரமாகத் தேடியது நான்தான்; பூத்தொட்டிகளைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். அம்மா அப்பாவுக்குப் போன் செய்தார். அந்த போல்ட்டின் மரை வேறு மாதிரி, கண்டதையும் போட முடியாது, கடைக்குப் போகலாம் என்றாலும் ஆறு மணிக்குச் சாத்திவிடுவான் என்றார் அவர். அம்மா பக்கத்து வீட்டில் கார் இரவல் கேட்கலாம் என்று ஓடினார். அந்த வீட்டு அண்ணன் காரோடு வேலைக்குப் போய்விட்டிருந்தார். மழை கொட்டத் தொடங்கியது. அம்மா நனைந்துகொண்டே வந்து, கூரைக்குக் கீழே நின்று, மாமாவிடம் வேறு யாரைக் கேட்கலாம் என்று யோசனை கேட்டார்.

“விடுலா தங்கச்சி. ஒரு நாள் போகலன்னா என்னா இப்ப” என்றார் மாமா.

அவர் குரல் ரொம்ப சாந்தமாக இருந்தது. அம்மா அவரைப் பார்த்தார், காலியாகக் கிடந்த கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்து என் வலது கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். அந்தப் பல்சக்கர எண்ணெயின் நாற்றம் எப்பேர்ப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்; மூன்று தடவை சோப்புப் போட்டாலும் போகாது. நான் ஒரு தடவைகூடப் போட்டிருக்கவில்லை.

சப்பாத்தை நானே கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளே வெள்ளைத்துணி முழுக்கக் கறுப்பு. அடி விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு, மாமாதான் கொடுத்தார் என்று சொல்லிவிட்டேன். காட்டிக்கொடுத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. அடி விழவில்லை. அம்மா சப்பாத்தைப் பிடித்தபடியே போய், மாமாவின் நாற்காலிக்கு முன்னால் ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்தார்.

“உங்களுக்கு வேணாம்னா என்கிட்ட சொல்லுங்க அண்ணே. நான் கேக்குறேன். சின்னப் புள்ள கையில குடுக்காதீங்க.”

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன்னால் அம்மாவின் வேலை கெடுகிறது, மச்சானுக்கும் சிரமம், எத்தனை நாளைக்கு இது என்று ஏதோ சொல்லத் தொடங்கினார், பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா அவர் காலருகிலேயே இருந்தார். மழை கொஞ்சம் விட்ட பிறகு மாமா கேட்டார்:

“நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?”

“எப்பயும் போலதான். அஞ்சுக்கு.”

அம்மா எழுந்து, போல்ட்டுகளைத் துணியால் துடைத்து, காருக்கு அடியில் போய்ப் படுத்தார். வியாழக்கிழமை காலையில் அவர்கள் போனதே எனக்குத் தெரியாது. வண்டி சத்தமில்லாமல் போயிருக்கிறது. கறுப்பு எண்ணெய்க் கறை ஊறிய சப்பாத்தோடு பள்ளிக்குப் போய், ஆசிரியையிடம் திட்டு வாங்கியது மட்டும்தான் எனக்குக் கிடைத்த தண்டனை.

மாமா அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் டயாலிசிஸ் போய்வந்தார். போதும் என்று அவருக்குத் தோன்றியபோது, ஒரு மாலையில் அம்மாவை எதிரில் உட்காரவைத்து அவரே சொன்னார். அன்று மழையில் சொன்னபடி அம்மாவும் கேட்டுக்கொண்டார். இதையெல்லாம் நான் சேர்த்துவைத்துப் புரிந்துகொண்டது ரொம்பப் பின்னால்.

போல்ட்டு விஷயம் நடந்த வாரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் திட்டம் என்னால் கெட்டுப்போனது என்பதுதான். அந்தச் சனிக்கிழமை பள்ளி இல்லாததால் நானும் கூடப் போனேன். பின் இருக்கையில் மாமாவும் நானும். மலைச்சாலையில் கார் அலுங்காமல் ஏறியது. மாமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் மேல் கோபம் என்று நினைத்தேன். அம்மாவுக்குக் கேட்காதபடி அவர் காதருகே போய், ஆறுதலாகச் சொன்னேன்:

“அடுத்த தடவ சப்பாத்துல வைக்க மாட்டேன் மாமா. நல்ல எடமாப் பாத்து வைக்கிறேன்.”

மாமா திரும்பி என்னை வெகுநேரம் பார்த்தார். ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்த கையால் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். சிரம்பான் வரும்வரை விடவில்லை. எங்கள் கூட்டு உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, வழி நெடுக நான் வேறு நல்ல இடங்களை யோசித்துக்கொண்டே போனேன்.