ஒரே கல்லுக்கு இரண்டு வீட்டார்

சிங்கப்பூரின் கிராஞ்சியில் போரில் இறந்தவர்களுக்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மேட்டில் புல்வெளி, அதில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். அங்கே என் தாத்தாவுக்கு ஒரு கல்லைக் கண்டுபிடித்தவர் என் அத்தை. கண்டுபிடித்தார் என்பதைவிட எடுத்துக்கொண்டார் என்று சொல்வதுதான் சரி.

தாத்தா பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போனவர். சண்டையில் இறந்துவிட்டார் என்று சேதி வந்தது, உடல் வரவில்லை. அப்போது அத்தைக்கு ஏழு வயது, என் அப்பா கைக்குழந்தை. வெகுகாலம் கழித்து அத்தை கிராஞ்சிக்குப் போய், பெயர் எழுதாத கற்களின் பக்கமாக நடந்தபோது, ஒரு கல்லுக்கு நேர் எதிரே செருப்பு வார் அறுந்தது. தன்னை நிறுத்தியது தகப்பனார்தான் என்று அத்தை அங்கேயே முடிவு செய்துவிட்டார். தேக்கா சந்தையில் மலிவாக வாங்கிய செருப்பு அது என்று அப்பா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இரண்டு நாள் திட்டு வாங்கினார்.

ஆடி அமாவாசைதோறும் அத்தை, அப்பா, நான் மூவரும் தேக்காவில் மாலை வாங்கி, வடையும் பாயசமும் எடுத்துக்கொண்டு, கிராஞ்சி வழியாகப் போகும் ஜொகூர் பஸ் ஏறுவோம். எனக்கு ஒன்பது வயதான வருடம், ஆடி அமாவாசையும் சீனர்களின் ஏழாம் மாதப் பிறப்பும் ஒரே நாளில் வந்தன. அந்த மாதத்தில்தான் அவர்கள் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். நாங்கள் போனபோது எங்கள் கல்லின் முன்னால், அத்தை வயதில் ஒரு சீன அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சும் வறுத்த பன்றி இறைச்சியும் வைத்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். போன வருடம் அங்கே ஆரஞ்சுத் தோல் கிடந்ததற்காக அத்தை தோட்டக்காரரைத் திட்டியது எனக்கு நினைவு வந்தது.

இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய்தான். இது என் அப்பா என்றார் அத்தை. இது என் அண்ணன் என்றார் அந்த அம்மா. ஒரே கல்யாண மண்டபத்துக்கு இரண்டு பேர் ரசீது காட்டுவதுபோல நின்றார்கள்.

அப்பா மெதுவாக நடுவே புகுந்தார். "அக்கா, பக்கத்துல எத்தனை கல்லு பேரில்லாம இருக்கு. ஒண்ணு மாத்திக்கலாம்லா."

"வீடு மாத்துறதாடா இது? அப்பாடா."

அத்தை கல்லின் மறுபக்கத்தில் இலையைப் போட்டுப் படைத்தார். காகத்தைக் கூப்பிட்டார். காகமும் வந்தது. வடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் தத்திப்போய் பன்றி இறைச்சியில் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

உன் அண்ணன்தான் என்று எப்படித் தெரியும் என்று அத்தை கேட்டார். அந்த அம்மா சட்டைப் பையிலிருந்து இரண்டு பத்துக் காசுகளை எடுத்தார். ஒரு பக்கம் கடல்குதிரை, மறுபக்கம் எண். கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டையும் போட வேண்டுமாம். ஒன்றில் குதிரையும் ஒன்றில் எண்ணும் விழுந்தால் ஆமாம். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் இல்லை. ஒவ்வொரு கல்லாகக் கேட்டுக்கொண்டே வந்தாராம். இந்தக் கல்லில்தான் மூன்று முறை ஆமாம் வந்ததாம்.

செருப்பு வார் ஒரு முறைதான் அறுந்தது. அத்தை அதை நினைத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. கையை நீட்டிக் காசுகளைக் கேட்டார்.

"வேணாம்க்கா," என்றார் அப்பா.

"கேட்டுடறேன் தம்பி. இல்லைன்னு வந்துட்டா இனிமே வரலை. வேற எங்க போயி அவரத் தேடுறது?"

அத்தை கண்ணை மூடிக்கொண்டு, அப்பா இங்கதான் இருக்கீங்களா என்று தமிழிலேயே கேட்டார். கையை விரித்தார். காசுகள் புல் இல்லாத மண்ணில் விழுந்தன. நான் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். இரண்டும் கடல்குதிரை.

அத்தை இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அந்த அம்மா குனிந்து பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். சட்டென்று காசுகளை வழித்து எடுத்துக்கொண்டார்.

"அடா," என்றார். "டுவா டுவா அடா."

மலாயில் அதற்கு இருக்கிறார், இரண்டு பேருமே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அத்தை அழுதார், பிறகு அழுதுகொண்டே சிரித்தார். இலையை நகர்த்தி ஆரஞ்சுக்கும் இடம் கொடுத்தார். எனக்கு உள்ளே அரித்தது. அந்த அம்மா தப்பாகப் பார்த்துவிட்டார், இரண்டும் குதிரை என்று சொல்ல வேண்டும். ஆனால் பெரியவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. இன்றைக்கும் அப்படித்தான். அதற்குள் அந்த அம்மா நாலு வடை தின்றுவிட்டார். அத்தை அவருடைய அண்ணனுக்கும் ஒரு கரண்டி பாயசம் வைத்தார். இறந்தவர்கள் இருவரும் பெரிய தீனிக்காரர்கள் என்று பேசிப் பேசிச் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது, அத்தை முன் இருக்கையில் தூங்கியதும், அப்பாவின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, "தெரியும். பேசாம வா," என்றார். அவ்வளவுதான். பாவம், அந்த அம்மாவுக்குப் பார்வை சரியில்லை, யாராவது ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வருடம் இருவரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் வந்தார்கள். பஸ் நெரிசலில் எங்கள் மாலை அறுந்துபோயிருந்தது. அந்த அம்மா பையிலிருந்து ஊசியை எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரே தடவையில் நூலை நுழைத்தார். கண்ணாடி எதுவும் போட்டிருக்கவில்லை. ஒரே வருடத்தில் பார்வை எவ்வளவு தெளிந்துவிட்டது, நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறார் என்று எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.