அத்தாவின் வயதுக்காரர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். போடியில் ஏலக்காய்க் கடை வைத்து ஆளாகி, ஜமாஅத்துக்கும் தலைவரானேன். ஓதிப் படித்த ஆலிம்களே மார்க்கச் சட்டத்தில் என் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளது அதுதான். ஆனால் சிறுவயதில் முதன்முதலாகக் காதில் விழுந்த சட்டம் என்னை நடுங்க வைத்துவிட்டது.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம், அவர் தங்கையைக் குப்பி என்போம். குப்பியின் புருஷன், எங்கள் மாமா, ஒரு மழைக்காலத்தில் எஸ்டேட்டுக்குக் கழுதைகளில் அரிசி ஏற்றிக்கொண்டு போடிமெட்டுப் பக்கம் போனார். கழுதைகள் மட்டும் திரும்பி வந்தன. தேடாத இடமில்லை. வருஷங்கள் ஓடின. பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து குப்பியைப் பெண் கேட்டார்கள். மறுமணம் கூடுமா என்று கேட்க, அத்தா என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் ஹஜரத்திடம் போனார்.

"நம்ம ஹனபி மத்ஹபு சட்டத்துல, காணாமப் போனவரோட வயசுக்காரங்க எல்லாம் மவுத்தானாத்தான் அவரும் மவுத்துன்னு வைக்கணும், ராவுத்தரே. இருங்க, மத்த கிதாபையும் பாத்துட்டுச் சொல்றேன்."

மாமாவின் வயதுக்காரர் என் அத்தா. இருவரும் ஒரே மதரசாவில் ஓதியவர்கள். அத்தா செத்தால்தான் குப்பிக்கு மறுமணம் என்று எனக்குப் பட்டது. அன்று முதல் குப்பி ஆக்கிய சோற்றை, அத்தா தொடுமுன் நான் தின்று பார்த்தேன்.

"ஏன்டா, ஊருல பஞ்சமா?" என்றார் அத்தா.

குப்பி தனியே கூப்பிட்டுக் கேட்டாள். சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஒங்கத்தா நூறு வருசம் இருக்கட்டும்டா. அதுவரைக்கும் எம் மாப்பிள்ளையும் இருப்பாருல்ல."

சில நாளில் ஹஜரத் வீட்டுக்கே வந்தார். மாலிக்கி மத்ஹபில் நாலு வருஷம் காத்திருந்தால் போதும், நம் பெரிய ஆலிம்களே நெருக்கடிக்கு அதை எடுத்துக்கொண்டார்கள், சர்க்கார் சட்டமும் அப்படித்தான் என்றார்.

"முந்தி உள்ளவங்க, புருசன் திரும்பி வந்து நின்னா என்ன செய்யிறதுன்னு பயந்தாங்க. பிந்தி வந்தவங்க, இந்தப் புள்ள கதி என்னன்னு பயந்தாங்க. ரெண்டு பேரும் அல்லாவுக்குப் பயந்துதான் சொன்னாங்க."

குப்பி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"நான் போனா ஒன்ன யாரும்மா பாத்துக்குவா?" என்று அத்தா கெஞ்சினார். அதற்குப் பிறகுதான் கோர்ட் காகிதத்தில் கைநாட்டு வைத்தாள்.

தீர்ப்பு வந்த அன்று, "அத்தா சாக வேணாம், அத்தா சாக வேணாம்" என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடிவந்தேன். குப்பி தாலிக் கருகமணியைக் கழற்றி வைத்துவிட்டு, புருஷனை இழந்தவள் இருக்கும் இத்தாவுக்காக வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நானும் சிரித்தேன். குப்பிக்கு மாமா அன்றுதான் மவுத்தானார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.